விதைக்காத நிலத்துக்கு வாடகை: அமெரிக்க அரசின் மண் பாதுகாப்புத் தொகை ஒரு பண்ணையை வந்தடையும் வழி

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஐடஹோ எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் விட்மன் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு), கோதுமைக்கும் பார்லிக்கும் மைசூர்ப் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் பேர்போன பலூஸ் வட்டாரத்தின் மையப் பகுதியாகும். அங்குள்ள குன்றுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று அள்ளிவந்து குவித்த நுண்மண் மேடுகள். குளிர்காலத்தில் அடிமண் உறைந்து மேல்மண் மட்டும் இளகியிருக்கும்போது மழை பெய்தால், தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் உழுத சரிவின் மேலேயே ஓடுகிறது. உச்சியில் விரல் அகலத்தில் தொடங்கும் கீறல் அடிவாரத்துக்கு வருவதற்குள் சிறு வாய்க்காலாகி, சாலையோரப் பள்ளத்தைச் சேற்றால் நிரப்பிவிடும். இப்படிப்பட்ட சரிவில் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப் பயிர் செய்யாமல் புல்லை நிலைநிறுத்துவதாக ஒப்புக்கொள்ளும் விவசாயிக்கு, அமெரிக்க மத்திய அரசு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் பணம் தருகிறது.

பத்திரிகைகள் இதை மானியம் என்றே எழுதுகின்றன. ஆனால் நடைமுறையில் இது குத்தகை ஒப்பந்தத்தைப் போன்றது. அரசு குத்தகைதாரர், அது கேட்கும் விளைச்சல், மண் இடத்தைவிட்டு நகராமல் இருப்பது. விண்ணப்பிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டவர்களுக்குப் பின்வரும் படிகள் எளிதாக விளங்கும். உதவித்தொகை என்று நினைத்து உள்ளே போகிறவர்கள், ஏலத்தைப் போல நடக்கும் தேர்விலும், ஒப்பந்தத்தை முறித்தால் வரும் தண்டத்திலும் தடுமாறுகிறார்கள்.

திட்டம் பிறந்த கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. 1930களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு 1935இல் மண் பாதுகாப்புச் சேவை என்ற அமைப்பு உருவானது. அதுவே 1994இல் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்று பெயர் மாறியது. நிலத்தைத் தரிசாக விடுவதற்குப் பணம் தரும் முயற்சி 1956ஆம் ஆண்டின் மண் வங்கித் திட்டத்திலேயே நடந்திருக்கிறது. இன்றுள்ள நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம், அதாவது எல்லோரும் சொல்லும் சிஆர்பி, 1985 டிசம்பர் 23 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்தது. தானியம் தேங்கி விலை விழுந்து, பண்ணைகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே மண்ணைக் காப்பதோடு உற்பத்தியைக் குறைப்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்தது. 2007இல் நாடெங்கும் ஏறத்தாழ 3.68 கோடி ஏக்கர் இத்திட்டத்தில் இருந்தது, அதுதான் உச்சம். பிறகு தானிய விலை ஏறியது, நாடாளுமன்றமும் உச்சவரம்பைக் குறைத்தது, பரப்பும் சுருங்கியது. 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டம் வரம்பை 2023க்குள் 2.7 கோடி ஏக்கராக உயர்த்திக்கொள்ள இடம் கொடுத்தது.

முதற்படி: எந்தத் திட்டம் என்று முடிவு செய்தல்

பாதுகாப்புத் தொகை என்ற பெயரில் ஒரே ஒரு திட்டம் இல்லை. பயிர் நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கினால் பணம் தருவது சிஆர்பி. சாகுபடியைத் தொடர்ந்துகொண்டே உழவில்லா விதைப்புக்கு மாறுவது, வேலி போடுவது, நீர்ப்பாசனத்தைச் சீராக்குவது போன்ற ஒரு குறிப்பிட்ட வேலைக்குச் செலவைப் பகிர்ந்துகொள்வது 1996இல் தொடங்கிய சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம். இதன் சுருக்கப் பெயர் ஈக்விப். ஏற்கெனவே நல்ல முறையில் பண்ணையை நடத்துகிறவர் அதை மேலும் உயர்த்த ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது பாதுகாப்புப் பொறுப்பாண்மைத் திட்டம், அதாவது சிஎஸ்பி. முதல் திட்டத்தைப் பண்ணைச் சேவை முகமையும், மற்ற இரண்டையும் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவையும் நடத்துகின்றன. கிராமப்புறக் கவுண்டிகளில் இரண்டும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் இருக்கும்.

சிஆர்பிக்கு உள்ளேயும் பிரிவுகள் உண்டு. முழு வயலையே விலக்குவது பொதுச் சேர்க்கை. இது வேளாண் அமைச்சர் அறிவிக்கும் சில வாரங்களில் மட்டுமே திறந்திருக்கும், போட்டியும் இதில்தான். ஓடையோரப் புல்பட்டை, மரப்பட்டை, ஈரநிலத்தை ஒட்டிய வளையம் போன்ற சிறு பகுதிகளை எடுத்துக்கொள்வது தொடர் சேர்க்கை. இது 1996இல் வந்தது, தகுதியுள்ள நிலத்துக்குப் போட்டி மதிப்பெண் இல்லாமலே கிடைக்கக்கூடியது. மேய்ச்சலைத் தொடர்ந்துகொண்டே புல்வெளியை உழாமல் காப்பதற்குத் தனிப் பிரிவு உண்டு. என் கருத்தில், முழு வயலைக் கொடுக்கத் துடிப்பவர்களில் பலர், வெள்ளம் அடிக்கும் அந்த ஒரு மடிப்பை மட்டும் தொடர் சேர்க்கையில் கொடுத்துவிட்டு மீதியைப் பயிரிட்டால் கூடுதலாகச் சம்பாதிப்பார்கள்.

இரண்டாம் படி: விண்ணப்பிப்பவரின் தகுதி

நிலத்தின் உடைமை குறைந்தது பன்னிரண்டு மாதங்களாக விண்ணப்பிப்பவர் கையில் இருந்திருக்க வேண்டும். வாரிசாக வந்த நிலத்துக்கு விதிவிலக்கு உண்டு. பணத்துக்காகவே நிலத்தை வாங்கிப் போடுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. சராசரி ஆண்டு வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாகத் தொகை கிடையாது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் இருந்தால், அவரை வெளியேற்றிவிட்டு உரிமையாளர் மட்டும் பணத்தை வாங்கிக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தில் அவருக்குரிய பங்கு குறிக்கப்பட வேண்டும்.

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே பண்ணை நிலம் வாங்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குடியுரிமையோ நிரந்தர வதிவிட அட்டையோ உள்ளவருக்குச் சிக்கல் இல்லை. தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் இந்தத் திட்டங்களின் கண்ணில் அயல்நாட்டவர். நிலம், முதல், தமது கணிசமான உடலுழைப்பு ஆகிய மூன்றையும் தாமே தந்தால் ஒழிய அவருக்குத் தொகை வராது. அதைவிட முக்கியமானது, 1978ஆம் ஆண்டின் அயல்நாட்டு வேளாண் முதலீட்டு வெளிப்படுத்தல் சட்டம். அதன்படி, அத்தகையவர் பண்ணை நிலம் வாங்கிய 90 நாட்களுக்குள் பண்ணைச் சேவை முகமையிடம் எஃப்எஸ்ஏ-153 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. தொகை வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பவரையும் இந்தக் கடமை விடாது.

மூன்றாம் படி: நிலத்தின் தகுதி

பொதுச் சேர்க்கைக்கு வரும் நிலம் உண்மையிலேயே பயிர் நிலமாக இருந்திருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2012 முதல் 2017 வரையிலான ஆறு ஆண்டுகளில் நான்கில் பயிரிட்டதாகவோ அவ்வாறு கருதத்தக்கதாகவோ பதிவு இருக்க வேண்டும். அதோடு, அரிப்புக் குறியீட்டெண் 8 அல்லது அதற்கு மேல் இருப்பதோ, முடியப்போகும் பழைய ஒப்பந்தத்தில் இருப்பதோ, அரசு குறித்துள்ள முன்னுரிமைப் பகுதிக்குள் வருவதோ தேவை.

அந்தக் குறியீட்டெண்ணைப் புரிந்துகொள்வது கடினமல்ல. மழையின் வேகம், மண்ணின் இளகுதன்மை, சரிவின் நீளம், செங்குத்து ஆகியவற்றைப் பெருக்கினால், எந்தக் காப்பும் இல்லாதபோது ஓர் ஏக்கரிலிருந்து ஓர் ஆண்டில் எத்தனை டன் மண் போகக்கூடும் என்பது வரும். அதை, வளம் குன்றாமல் அந்த மண் தாங்கக்கூடிய இழப்பால் வகுக்க வேண்டும். ஆழமான மண்ணுக்கு இந்தத் தாங்கும் அளவு ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 டன். எடுத்துக்காட்டாக, போகக்கூடியது 60 டன், தாங்கக்கூடியது 5 டன் என்றால் குறியீட்டெண் 12. நிலம் தகுதி பெறுகிறது. காற்றரிப்புக்கு வேறொரு கணக்கு உண்டு. மண் வரைபடத்தில் உங்கள் வயலுக்கு உரிய எண் ஏற்கெனவே இருக்கும். அதை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

கவுண்டிக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் பொதுவாக 25 விழுக்காட்டுக்கு மேல் இப்படி விலக்கி வைக்கக் கூடாது. உரக்கடை, டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை, தானியக் கிடங்கு எல்லாம் உழவை நம்பியிருப்பவை; நிலம் முழுவதும் புல்லானால் நில உரிமையாளருக்குப் பணம் வரும், ஊருக்குத் தொழில் போய்விடும். 1980களின் முதல் சேர்க்கைகளிலேயே கிராமப்புற வணிகர்கள் எழுப்பிய முறையீடு இது. இன்றும் அது நியாயமானதே.

நான்காம் படி: அலுவலகமும் ஆவணங்களும்

விட்மன் கவுண்டியில் போக வேண்டிய இடம் அதன் தலைநகரான கோல்ஃபாக்ஸ். முதலில், நிலத்துக்குப் பண்ணை எண்ணும் துண்டு எண்ணும் இருக்கின்றனவா, வான்வழிப் படத்தில் வயல் எல்லைகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னால் ஏக்கருக்குப் பணம் கணக்கிடப்படுவது அந்தக் கோடுகளை வைத்துத்தான். பத்திரத்தில் உள்ள பரப்பை வைத்தல்ல. பிறகு சில படிவங்கள் உண்டு. எளிதில் அரிக்கப்படும் நிலத்தையும் ஈரநிலத்தையும் விதிப்படி நடத்துவதாக உறுதியளிப்பது ஏடி-1026. பண்ணை யாரால் எப்படி நடத்தப்படுகிறது என்பதைச் சொல்வது சிசிசி-902. வருமான வரம்புக்கான சான்று சிசிசி-941. இவற்றோடு வங்கிக் கணக்கு விவரமும், நிறுவனமாகவோ அறக்கட்டளையாகவோ இருந்தால் கையெழுத்து அதிகாரத்துக்கான ஆவணமும் வேண்டும்.

ஏடி-1026 படிவத்தைச் சாதாரணமாக நினைத்துக் கையெழுத்திடக் கூடாது. அதில் உங்களோடு நில உறவுள்ள மற்றவர்களின் செயலும் அடங்கும். ஒரு மூலையில் ஈரநிலத்தை வடித்துப் பயிரிட்டது தெரியவந்தால், அந்த மூலைக்கான தொகை மட்டுமல்லாமல் மற்றத் திட்டங்களின் தொகையும் சேர்ந்து கைநழுவிப் போகலாம்.

ஐந்தாம் படி: முன்மொழிவு

பொதுச் சேர்க்கையில் முன்மொழிவு சிஆர்பி-2 படிவத்தில் தரப்படுகிறது. அதற்குச் சுற்றுச்சூழல் பயன் குறியீட்டின்படி மதிப்பெண் போடுகிறார்கள். காட்டுயிர்களுக்கான பயன், தண்ணீரின் தரம், மண்ணரிப்புத் தடுப்பு ஆகிய மூன்றுக்கும் தலா 100 வரை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நிலைத்திருக்கும் பயனுக்கு 50 வரை. காற்றின் தரத்துக்கு 45 வரை. ஆறாவது காரணி செலவு. எல்லா முன்மொழிவுகளும் நாடு முழுவதும் ஒரே வரிசையில் அடுக்கப்படுகின்றன. தேறுவதற்கான கோடு எங்கே என்பது சேர்க்கை முடிந்த பின்புதான் தெரியும். எனவே இவ்வளவு வாங்கினால் போதும் என்று முன்கூட்டி யாராலும் உறுதி சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

விவசாயியால் மாற்ற முடியாதவை, மாற்ற முடிந்தவை என்று இந்தக் காரணிகளைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. சரிவும் மண்ணும் ஆற்றுக்கு உள்ள தொலைவும் கைக்கு அப்பாற்பட்டவை. கைக்குள் இருப்பவை இரண்டு: எந்தப் புல்லை விதைப்பது, எவ்வளவு வாடகை கேட்பது.

புல் தேர்வு முதலாவது. வெளியிலிருந்து வந்த ஓரிரு புல்வகைகளை மட்டும் விதைப்பதாகச் சொன்னால் காட்டுயிர்ப் பிரிவில் குறைந்த மதிப்பெண்ணே கிடைக்கும். புளூபஞ்ச் வீட்கிராஸ், ஐடஹோ ஃபெஸ்க்யூ போன்ற பலூஸின் சொந்தப் புற்களோடு பூச்செடிகளையும் சேர்த்து, ஐந்து இனங்களுக்குக் குறையாத கலவையாக விதைப்பதாகச் சொன்னால் மதிப்பெண் கணிசமாக உயரும். ஆனால் சொந்த இன விதை விலை கூடியது, முளைத்து நிலைபெறச் சில ஆண்டுகள் எடுக்கும், அதற்குள் களை முந்திவிடும். கவுண்டியின் கிழக்கே புல்மன் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 அங்குலம் மழை உண்டு. மேற்கே போகப் போக அது வெகுவாகக் குறைகிறது. கிழக்கே பிடிக்கும் கலவை மேற்கே பிடிக்க வேண்டும் என்பதில்லை. மதிப்பெண்ணுக்காக எழுதிக்கொடுத்த கலவையைப் பிறகு வயலில் நிறைவேற்றியே தீர வேண்டும் என்பதால், படிவத்தை நிரப்புவதற்கு முன்பே விதை வியாபாரியிடம் விலை கேட்டுவிட வேண்டும்.

வாடகை இரண்டாவது. ஒவ்வொரு மண்வகைக்கும் அரசு ஓர் உச்ச வாடகையை நிர்ணயிக்கிறது. கவுண்டியின் சராசரி நிலக் குத்தகையை அடிப்படையாகக் கொண்டு, 2018ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சேர்க்கைக்கு அதில் 85 விழுக்காடு, தொடர் சேர்க்கைக்கு 90 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. நல்ல நிலத்தை உழுகிறவர்களோடு அரசு போட்டியிடக் கூடாது என்பதே காரணம். அந்த உச்சத்துக்கும் கீழாகக் கேட்டால் செலவுக் காரணியில் மதிப்பெண் கூடும். வளமான அடிவார வயலை இந்த விலைக்குக் கொடுப்பது நட்டம். விதைத்தாலும் செலவுக்கு மேல் மிஞ்சாத செங்குத்துச் சரிவைச் சற்றுக் குறைத்துக் கேட்டாவது உள்ளே சேர்ப்பது இலாபம். உங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்தச் சரிவு மட்டும் கடந்த சில ஆண்டுகளில் என்ன மிஞ்ச வைத்தது என்று தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள்.

ஆறாம் படி: ஒப்பந்தமும் விதைப்பும்

முன்மொழிவு தேறினால், பாதுகாப்புச் சேவையின் வல்லுநர் வயலைப் பார்த்துத் திட்டம் எழுதுவார். சிஆர்பி-1 என்ற ஒப்பந்தம் கையெழுத்தாகும். ஒப்பந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கி, இறுதி ஆண்டின் செப்டம்பர் 30 அன்று முடியும். புல் நிலைபெற ஆகும் ஏற்கத்தக்க செலவில் பாதி வரை அரசு தருகிறது. இங்கே ஒரு விதியை மறக்கக் கூடாது: ஒப்புதல் கிடைப்பதற்கு முன் வாங்கிய விதைக்கும் செய்த வேலைக்கும் பணம் கேட்க முடியாது. ஒப்புதலுக்குப் பின் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீதையும், விதைப் பையில் ஒட்டியிருக்கும் தர அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஏழாம் படி: பணமும் வரியும்

ஆண்டு வாடகை அக்டோபர் 1க்குப் பிறகு நேராக வங்கிக் கணக்கில் விழும். ஏக்கருக்கு 80 டாலர் என்று வைத்துக்கொண்டால், 200 ஏக்கருக்கு 16,000 டாலர். அதே வீதத்தில் 700 ஏக்கர் என்றால் கணக்குப்படி 56,000 வர வேண்டும். ஆனால் ஒருவருக்கு ஓர் ஆண்டில் 50,000 டாலர் என்ற வரம்பு இருப்பதால் மீதி 6,000 வராது. நிலத்தில் கணவன், மனைவி இருவருக்கும் உரிய பங்கு இருந்தால் தனித்தனி வரம்பாகக் கொள்ள வழியுண்டு. இதை ஒப்பந்தம் போடும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாடகை வரிக்கு உட்பட்ட வருமானம். உழவர்களிடம் இதைத் தொழில் வருமானமாகக் கருதிச் சுயதொழில் வரியும் கேட்கப்படுகிறது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமோ இயலாமைத் தொகையோ பெறுகிறவர்களுக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் இதிலிருந்து விலக்களித்தது. தாமே உழாத நில உரிமையாளருக்கு இது வெறும் வாடகைதான் என்று எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்களுக்கு மட்டும் உரிய மத்திய நீதிமன்றம்) 2014இல் மோர்ஹவுஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. வாஷிங்டன் மாநிலம் அந்த வட்டத்துக்குள் வராது என்பதால், அங்குள்ளவர்கள் கணக்காளரைக் கேட்காமல் அந்தத் தீர்ப்பைச் சாய்ந்துகொள்ளக் கூடாது.

எட்டாம் படி: பராமரிப்பும் தவறும்

விதைத்துவிட்டு மறந்துவிடலாம் என்பது தவறான எண்ணம். விட்மன் கவுண்டியின் மேற்குப் பகுதியில் ரஷ் ஸ்கெலிடன்வீட் என்ற களை, ஒப்பந்தத்தில் இருக்கும் புல் நிலங்களில் வேரூன்றிவிட்டது. ஆழ வேர் விடும் இதை, நிலம் மறுபடியும் கோதுமைக்குத் திரும்பும்போது அகற்றுவது பெரும்பாடு. சட்டப்படி அழிக்க வேண்டிய களைகளைக் கட்டுப்படுத்துவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. ஆனால் பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் அனுமதியின்றிப் புல்லை வெட்டவோ மருந்தடிக்கவோ கூடாது. மேய்ச்சலுக்கு விடுவதும் வைக்கோலுக்கு அறுப்பதும் முன் அனுமதியோடு மட்டுமே. வறட்சிக் கண்காணிப்பு வரைபடத்தில் கவுண்டி டி2 எனப்படும் கடும் வறட்சி நிலையை எட்டினால் நெருக்கடிக்கால மேய்ச்சலுக்கு வழி பிறக்கும். அப்போதும் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்ட பிறகே மாட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

இடையில் ஒப்பந்தத்தை முறித்தால், அதுவரை பெற்ற தொகை முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஓராண்டு வாடகையில் கால் பங்கு இழப்பீடாகவும் கட்ட வேண்டும். நிலத்தை விற்றால், வாங்குபவர் குறித்த கெடுவுக்குள் ஒப்பந்தத்தை ஏற்றுக் கையெழுத்திட்டாக வேண்டும். இல்லையேல் சுமை விற்றவர் தலையில் விழும். ஆகையால் விற்பனைப் பத்திரத்திலேயே இதற்கு ஒரு நிபந்தனை எழுதுங்கள். அலுவலகத்தின் முடிவு தவறு என்று பட்டால், விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம்; பிறகு மாநிலக் குழு, அதன் பின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு. கெடு பொதுவாக 30 நாள்.

ஒன்பதாம் படி: ஒப்பந்தம் முடியும்போது

கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே முடிவெடுக்க வேண்டும்: மறுபடியும் சேர்க்கைக்குப் போவதா, உழுவதா, மேய்ச்சலாக்குவதா. உழப்போவதென்றால் அரிப்புக்குரிய நிலத்தில் பாதுகாப்புத் திட்டத்தின்படியே உழ வேண்டும். உரிமையாளர் நிலத்தைப் புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கோ முன்னாள் படைவீரருக்கோ விற்றாலோ குத்தகைக்கு விட்டாலோ, கூடுதலாக இரண்டு ஆண்டு வாடகை வரை பெறும் ஏற்பாடும் உண்டு. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் 2023இல் முடிந்த பிறகு, நாடாளுமன்றம் அதைத் தவணை தவணையாக நீட்டித்து வந்திருக்கிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய வரவுசெலவுச் சட்டம் ஈக்விப், சிஎஸ்பி ஆகியவற்றுக்கு 2031 வரை நிதி ஒதுக்கியபோது சிஆர்பியை அதில் சேர்க்கவில்லை. எனவே புதிய சேர்க்கை நடக்கிறதா என்பதை அவ்வப்போது அலுவலகத்தில் கேட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

கவுண்டிக் கணக்கைப் படிக்கும் முறை

யாருக்கு எவ்வளவு தொகை போனது என்பது அமெரிக்காவில் பொது ஆவணம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1619ஆம் பிரிவு பண்ணை வரைபடங்களையும் நில விவரங்களையும் மறைத்தாலும், பெற்றவரின் பெயரையும் தொகையையும் வெளியிடுவதைத் தடுக்கவில்லை. இந்தப் பட்டியலைப் பார்ப்பவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் சில. பணம் பெற்றவரின் முகவரியை வைத்து இடம் குறிக்கப்பட்டிருந்தால், கோல்ஃபாக்ஸுக்கு அருகிலுள்ள சரிவுக்கான வாடகை, சியாட்டிலில் வசிக்கும் உரிமையாளரின் கணக்கில் கிங் கவுண்டியில் போய்ச் சேரும். ஆண்டு வாடகை அக்டோபரில் வருவதால், நாட்காட்டி ஆண்டின்படி தொகுத்த பட்டியலும் நிதியாண்டின்படி தொகுத்த பட்டியலும் ஒரே எண்ணைக் காட்டா. செலவுப் பகிர்வு ஒரே முறை வருவது. அது ஓர் ஆண்டின் தொகையைச் செயற்கையாக உயர்த்தும். முதல் இடத்தில் இருக்கும் பெயர் பல உடன்பிறப்புகள் பங்குள்ள குடும்ப நிறுவனமாகவும் இருக்கலாம். மொத்தத் தொகையை ஒப்பந்தத்தில் உள்ள ஏக்கர்களால் வகுத்து, வரும் எண்ணை அந்தக் கவுண்டியின் சராசரி நிலக் குத்தகையோடு வைத்துப் பார்த்தால், அரசு அங்கே சந்தை விலைக்குக் கீழே கொடுக்கிறதா மேலே கொடுக்கிறதா என்பது ஓரளவு தெரியும்.